இழுத்தால் இறங்கும் கூரை

எரிவாயு உருளையின் திருகை, தூங்கப் போகும் முன் நான் மூன்று முறை மூடிப் பார்க்கிறேன் என்று என் மருமகள் வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொல்கிறாள். அது தவறு. இரண்டு முறைதான். முதல் முறை மூடுவதற்கு. இரண்டாம் முறை, முதல் முறை மூடினேனா என்று பார்ப்பதற்கு. அடுப்புக்கு நேர் மேலே அலமாரி அடிக்க வேண்டாம் என்று சொன்னதையும் அவள் கிழவனின் தொணதொணப்பு என்றே எடுத்துக்கொண்டாள். போகட்டும். அடுப்புக்கு மேலே பொருள் வைப்பதைப் பற்றி எனக்குத் தெரிந்தது அவளுக்குத் தெரியாது.

எனக்கு ஒன்பது வயதாக இருந்தபோது நாங்கள் அந்தமான் தீவில், மாயாபந்தரில், படகுத்துறைக்கு மேலே இருந்த மேட்டில், ஒரு லைனில் குடியிருந்தோம். லைன் என்றால் ஒரே வரிசையில் ஏழு வீடுகள். பலகைச் சுவர், மூங்கில் கைமரம், தானி இலைக் கூரை. தானி என்பது உப்புத்தண்ணீர் ஓடைகளின் சேற்றில் வளர்கிற ஒரு பனை. அதன் இலையைப் பின்னி அடுக்கினால் எட்டு மாத மழையையும் தாங்கும். மீதி நான்கு மாத வெயிலில் அது அப்பளம் போலக் காய்ந்து, காக்கை வந்து உட்கார்ந்தால்கூட நொறுங்கும். ஒரு வீட்டுக் கூரையின் நுனிக்கும் அடுத்த வீட்டுக் கூரையின் நுனிக்கும் இடையே ஒரு முழம்கூட இருக்காது. மழைக்காலத்தில் நனையாமல் முதல் வீட்டிலிருந்து ஏழாம் வீட்டுக்குப் போய்விடலாம். அதை நாங்கள் ஒரு வசதியாகவே நினைத்திருந்தோம்.

எங்களுடையது முதல் வீடு. கிணறு பக்கத்திலேயே இருந்தது. வாசலில் நின்றால் துறைக்கு வருகிற போகிற படகுகள் அத்தனையும் தெரியும். அவற்றை எண்ணுவதுதான் என் வேலை. எந்த லாஞ்ச், அதாவது மோட்டார் படகு, எத்தனை மரங்களை இழுத்து வருகிறது என்று அப்பாவுக்குச் சொல்வேன். மரம் இழுக்கும் லாஞ்சில் வேலை பார்த்த அப்பா, அதெல்லாம் தனக்கு ஏற்கெனவே தெரியும் என்பதைக் காட்டிக்கொள்ளாமல் கேட்டுக்கொள்வார்.

அம்மா தூத்துக்குடிப் பக்கத்துக் கடற்கரையில் பிறந்தவள். மழை நின்று, கிறிஸ்துமஸ் முடிந்து, முதல் வாடைக்காற்று அடித்ததும் அவளுக்கு ஒரு வேகம் வந்துவிடும். முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு ஏழு வீட்டு அடுப்படிக்கும் போவாள். சிம்னி விளக்கைத் தண்ணீர் ஊற்றிய தட்டின் நடுவில்தான் வைக்க வேண்டும். வாசலுக்கு இரண்டு மண்ணெண்ணெய் டின் நிறைய மணல் இருக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலே, பரணை இறக்க வேண்டும்.

அந்தப் பரண் தீவுக்காரர்களின் பழக்கம். எட்டு மாதம் ஓயாமல் பெய்கிற ஊரில் ஈர விறகை எங்கே காய வைப்பது? அடுப்புக்கு நேர் மேலே மூங்கிலால் ஒரு பரண் கட்டி, அதில் அடுக்கிவிடுவார்கள். கீழே சோறு வேகும், மேலே விறகு காயும். மழைக்காலத்தில் அதில் ஆபத்து இல்லை. ஆனால் மழை போன பிறகும் விறகு அங்கேயே இருக்கும். சுள்ளென்று காய்ந்த விறகு, அதற்கு மேலே காய்ந்த இலை, கீழே நெருப்பு.

"வெயில் வந்தாச்சில்லா? இனி வெறகு காய வானம் போதும். எறக்கு" என்பாள் அம்மா.

"நாளைக்கி எறக்கிருதேன்க்கா" என்பாள் ஏழாம் வீட்டு ஆசாரியின் மனைவி. அவளும் எங்கள் கடற்கரைக்காரிதான்.

"நாளைக்கி நான் எதுக்கு வரணும்? இப்பவே எறக்கு. நானும் ஒரு கை பிடிக்கேன்."

நின்று இறக்க வைத்துவிட்டுத்தான் வருவாள். எங்கள் வீட்டிலேயே அவளுக்கு எதிர்ப்பு இருந்தது. அப்பாவின் தங்கையான அத்தை எங்களோடு இருந்தாள். அவள் நாக்குக்கு அப்பாவே பயப்படுவார். "சர்க்காரு மதினிக்கி ஒரு காக்கிச் சட்டை தச்சிக் குடுத்தா நல்லாருக்கும்" என்பாள். மணல் டின்களில் பூனை போகிற காரியத்தையும் அவள்தான் ஊருக்கெல்லாம் சொன்னாள்.

அந்த ஆண்டு அம்மா இன்னும் ஒரு படி மேலே போனாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை, செபம் முடிந்ததும், கிணற்றடிக்கு ஏழு வீட்டாரையும் கூப்பிட்டாள். தமிழும் இந்தியும் கலந்த அவளுடைய பேச்சு எல்லாருக்கும் புரியும். அவள் சொன்னது இதுதான். தீ பிடித்தால் மணலும் தண்ணீரும் ஒரு வீட்டுக்கே போதாது. வரிசையின் நடுவில் ஒரு வீட்டுக் கூரையை உடனே கீழே தள்ளிவிட்டால் தீ அதைத் தாண்டாது. பாதி வரிசையாவது மிஞ்சும். ஆனால் பிரம்பால் இறுக்கிக் கட்டிய கூரையை வெட்டி இறக்க நேரம் கிடைக்காது. கடலில் காற்று திடீரென்று மாறினால் பாயை எப்படி இறக்குகிறோம்? ஒரே இழுப்பில். பாய்க்கயிற்றுக்குப் போடுகிற அந்த முடிச்சை நான்காம் வீட்டுக் கூரைக்குப் போட்டுவிடலாம்.

நான்காம் வீட்டில் ஒரு தெலுங்குக் குடும்பம் இருந்தது. கணவன் எழுந்து, "மேரா கர் க்யூன்? என் வீடு ஏன்? உன் வீட்டை இழு" என்றான்.

"எங்க வீடு ஓரத்துல கெடக்கு. ஓரத்த இழுத்து என்ன புண்ணியம்?"

மூன்றாம் வீட்டு வங்காளக்காரி, எல்லாரும் தீதி, அதாவது அக்கா, என்று கூப்பிடுகிறவள், சிரித்தே விட்டாள். "ஆக் லகா நை, கர் தோட்னே கா பாத் கர்தா ஹை!" நெருப்பே பிடிக்கவில்லை, அதற்குள் வீட்டை உடைக்கிற பேச்சா என்பது எல்லாருக்கும் நியாயமாகவே பட்டது. அத்தை என் காதில், "ஒங்கம்மைக்கி வாடக்காத்து மண்டையில ஏறிட்டு" என்றாள்.

அம்மா சிரிப்பு அடங்கும் வரை நின்றாள். "எங்க ஊர்ல ஒரு தெருவே எரிஞ்சிது. ஒருத்தனும் தன் கூரையில கைவைக்கச் சம்மதிக்கல. எல்லாக் கூரையும் போச்சி" என்றாள். அவ்வளவுதான். குடத்தை எடுத்துக்கொண்டு வந்துவிட்டாள். விட்டுவிட்டாள் என்று நாங்கள் நினைத்தோம்.

அடுத்த வாரமே, வீட்டை மாற்றிக்கொள்கிறோம் என்றாள். நான்காம் வீட்டுத் தெலுங்குக்காரி நிறைமாதமாக இருந்தாள். கிணற்றிலிருந்து அவ்வளவு தூரம் தண்ணீர் சுமப்பது கஷ்டம். அவர்கள் முதல் வீட்டுக்கு வரட்டும், நாம் நான்காம் வீட்டுக்குப் போவோம். லைனைப் பார்த்துக்கொள்கிற ஜமாதாரிடம் அப்பா ஒரு வார்த்தை சொன்னார். ஒரே நாளில் சட்டி பெட்டியோடு மாறிவிட்டோம்.

நான் அழுதேன். நான்காம் வீட்டு வாசலிலிருந்து ஒரு படகுகூடத் தெரியாது. ஒரு பலாமரமும், அத்தை உலர்த்துகிற துணியும்தான் தெரியும். பலாமரத்தில் எண்ணுவதற்கு ஒன்பது காய்கள் இருந்தன. ஒரே நாளில் முடிந்துபோனது.

"கிணத்தடி வீட்டக் குடுத்துட்டு பொந்துக்குள்ள வந்துருக்கோம். மதினிக்கி எரக்கம் வந்தா எங்களுக்குல்லா முதுகு முறியுது" என்று அத்தை குடத்தை இறக்கும்போதெல்லாம் சொன்னாள்.

குடியேறிய மறுநாளே அப்பா கூரைமேல் ஏறினார். பிரம்புக் கட்டுகளை வெட்டிவிட்டு, இலைத் தட்டிகளைக் கயிற்றால் கட்டினார். ஒரு பக்கச் சரிவுக்கு எட்டு முடிச்சு, மறு பக்கத்துக்கு எட்டு. ஒவ்வொரு பக்கத்து முடிச்சுகளையும் ஒரே கயிற்றில் கோத்தார். வாசல் பக்கம் ஒரு நுனியும் கொல்லைப் பக்கம் ஒரு நுனியும் தொங்கின. இழுத்தால் எட்டும் உருவிக்கொண்டு அவிழும். தட்டிகள் சரிந்து தரையில் விழும். அம்மா கீழே நின்று ஒவ்வொரு முடிச்சையும் பார்த்தாள். ஐந்தாவதை மறுபடி போடச் சொன்னாள்.

அண்டை வீட்டுக்காரர்கள் வேடிக்கை பார்த்தார்கள். தன் வீட்டை மட்டும் காப்பாற்றிக்கொள்ளப் பார்க்கிறாள் என்று இரண்டாம் வீட்டில் பேசிக்கொண்டது எங்கள் காதுக்கு வந்தது. நானும் அப்படித்தான் நினைத்தேன். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது. தீ வந்தால் மற்றவர்கள் வீட்டோடு எரிவார்கள், நம்மிடம் கயிறு இருக்கிறது.

கயிறு முதலில் வேலை செய்தது பாதிரியார் வந்த அன்று. போர்ட் பிளேரிலிருந்து கப்பலில் அவர் எப்போதாவது வருவார். வந்தால் எங்கள் வீட்டில்தான் காப்பி. அன்று வீடுகளை மந்திரிக்க வந்தவர், எங்கள் வாசலில் நின்று, பிள்ளைகளையெல்லாம் கூப்பிட வேண்டும் என்றார். பக்கத்தில் ஒரு கயிறு தொங்கியது. கோயில் இல்லாத ஊரில் இந்தக் குடும்பம் வீட்டிலேயே மணி கட்டி வைத்திருக்கிறது என்று மகிழ்ந்துபோய், அதைப் பிடித்து, மணியடிக்கிற பழக்கத்தில் நன்றாக ஒரு இழுப்பு இழுத்தார்.

முதலில் ஒரு சரசரப்பு கேட்டது. பிறகு வாசல் பக்கத்துக் கூரை முழுவதும், எட்டு முடிச்சும் அவிழ்ந்து, அவர் மேலே இறங்கியது.

இலைக்குள்ளிருந்து ஒரு வெள்ளை அங்கியின் கை மட்டும் வெளியே வந்தது. அதில் இன்னும் கயிறு இருந்தது. அப்பா, "ஐயோ சாமி! சாமி!" என்று தட்டிகளை அள்ளி எறிந்தார். அத்தை சிரிப்பை அடக்க முடியாமல் கொல்லைக்கு ஓடினாள். எட்டுக்கால் பூச்சிகளும் ஒரு பல்லியுமாகப் பாதிரியார் எழுந்து நின்று, "மணி எங்கம்மா?" என்று கேட்டார்.

அம்மா அவரைப் பார்க்கவில்லை. கைமரங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு தட்டிகூட மேலே தங்கவில்லை.

"பாத்தீங்களா? எறங்கிட்டு!" என்றாள்.

அப்பாவுக்கு அன்று வந்த கோபத்தை அதற்கு முன் நான் பார்த்ததில்லை. "மானத்த வாங்கிட்ட. இன்னக்கே பிரம்பால கெட்டிருதேன்" என்றார். அம்மா பாதிரியாருக்கு இரண்டாம் காப்பி கொடுத்தாள். அவர் அதைக் குடித்துக்கொண்டே, இது எதற்கு என்று விவரமாகக் கேட்டார். கேட்டு முடித்ததும் அப்பாவிடம், "கயித்துலயே கட்டுப்பா. ஆனா நுனிய கொஞ்சம் ஒசரத்துல போடு" என்றார். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. அன்று சாயங்காலத்துக்குள் பதினாறு முடிச்சும் மறுபடி இருந்தன.

பிறகு இரண்டு நாள் காலம் தவறிய ஒரு மழை பெய்தது. எல்லாருக்கும் அது சந்தோஷம். அம்மா மட்டும் மழை விட்டதும் மறுபடி அடுப்படி அடுப்படியாகப் போனாள். ஆறு வீடுகள் பார்த்தாள். ஏழாம் வீடு பூட்டியிருந்தது. ஆசாரியின் மனைவி கடைக்குப் போயிருந்தாள். வெளியே நனைந்த விறகை அவள் அன்று காலையில்தான், மழைக்காலப் பழக்கத்தில், பரணில் ஏற்றியிருந்தாள்.

விறகு காய்ந்தது. அது ஆண்கள் எல்லாரும் வேலைக்குப் போயிருந்த ஒரு நடுப்பகல். வாடை பலமாக அடித்தது. வடக்கே ஏழாம் வீட்டிலிருந்து தெற்கே முதல் வீட்டை நோக்கி அது நேராக வரும். முதலில் கேட்டது ஆசாரி மனைவியின் குரல். அடுத்தது அம்மா ஈயத் தட்டில் கரண்டியால் அடிக்கிற சத்தம். "ஆக்! ஆக்! எல்லாரும் வெளிய வாங்க! தீதி, பாஹர் ஆவோ!"

என்னைப் பார்த்ததும், "ஏல, பிள்ளைகள மேட்டுக்குக் கீழ கொண்டு போ. எண்ணு. ஒண்ணு கொறஞ்சாலும் கத்து" என்றாள்.

எண்ணினேன். என் தங்கையையும் சேர்த்துப் பதினான்கு. முதல் வீட்டுத் தெலுங்குக்காரி, பிறந்து ஒரு மாதம்கூட ஆகாத குழந்தையோடு வந்து நின்றாள். பதினைந்து. மறுபடி எண்ணினேன். பதினைந்துதான். அந்தச் சரிவில் நின்றுதான் மற்றதையெல்லாம் பார்த்தேன்.

ஏழாம் வீட்டுக் கூரை எரியவில்லை, வெடித்தது. மூங்கில் கணுக்கள் துப்பாக்கி போலச் சுட்டன. எரிகிற இலைகள் பறந்து ஆறாம் வீட்டில் விழுந்தன. பெண்கள் மணல் டின்களோடு ஓடினார்கள். டின் காலியாகும் முன்பே கூரை பற்றிக்கொண்டது. அம்மா அவர்களைக் கையைப் பிடித்து இழுத்தாள். "வுடு! அது போச்சி! அத வுடு! நாலுக்கு வா!"

எங்கள் வாசலில் அத்தை நின்றுகொண்டிருந்தாள். இரண்டு கையையும் விரித்து, கதவை மறைத்து.

"மதினி, நம்ம வீட்டுல இன்னும் பத்தலயே!"

"பத்துன பெறவு இழுத்து என்ன செய்ய?"

"அஞ்சாம் வீட்லயே இன்னும் பத்தல! காத்து மாறுனா நின்னுரும். நம்ம கூரைய நாமளே..."

"காத்து மாறாது."

"அண்ணன் வரட்டும் மதினி."

"ஒங்கண்ணன் கடல்ல கெடக்காரு. ஏ புள்ள, எனக்குக் கை ரெண்டுதான் இருக்கு. கயிறும் ரெண்டு இருக்கு. வாசல நான் இழுக்கேன். கொல்லையில யாரு இழுப்பா?"

ஐந்தாம் வீட்டுக் கூரையின் நுனியில் ஒரு புகை எழுந்தது. அத்தை அதைப் பார்த்தாள். பிறகு அம்மாவைப் பார்த்தாள். வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டே வீட்டுக்குள் புகுந்து, கொல்லைப் பக்கம் ஓடினாள். அவள் திட்டியதில் பாதி அம்மாவின் பிறந்த ஊரைப் பற்றியது.

அம்மா எக்கிக் கயிற்றைப் பிடித்தாள். நுனியைப் பாதிரியார் சொன்னபடி உயரத்தில் போட்டிருந்ததால் குதிக்க வேண்டியிருந்தது. வாசல் பக்கத்துக் கூரை இறங்கியது. ஒரு மூச்சு நேரம் கழித்துக் கொல்லைப் பக்கமும் இறங்கியது. எங்கள் வீட்டின் கைமரங்கள் மட்டும் வானத்தில் நின்றன. நாங்கள் குடியிருந்த வீடு முழுவதும் வெயில் அடித்ததை அன்றுதான் முதலில் பார்த்தேன்.

"கீஞ்சோ தீதி! இலைய இழு! கடல் பக்கம் இழு!" அன்று கிணற்றடியில் சிரித்த வங்காளத் தீதி முதல் தட்டியைப் பிடித்தாள். இழுத்து இழுத்துச் சரிவில் உருட்டினார்கள். ஐந்தாம் வீட்டைப் பார்த்த எங்கள் சுவரில் டின் டின்னாகத் தண்ணீர் ஊற்றினார்கள். கிணற்றிலிருந்து ஒரு வரிசை நின்றது. தெலுங்குக்காரி குழந்தையை என் தங்கையின் மடியில் வைத்துவிட்டு அந்த வரிசையில் போய் நின்றாள்.

ஐந்தாம் வீடு முழுவதும் எரிந்தது. தீ எங்கள் பக்கம் சாய்ந்து சாய்ந்து பார்த்தது. பிடித்துக்கொள்ள மேலே எதுவும் இல்லை. பலகைச் சுவர் கருகியது, பற்றவில்லை. பறந்து வந்த பொறிகளைப் பெண்கள் ஈரச் சாக்கால் அடித்தார்கள். அத்தையின் புருவம் ஒன்று பொசுங்கிப்போனது. சாயங்காலத்துக்குள் புகை மட்டும்தான் மிச்சம்.

லாஞ்ச் வந்து அப்பா மேடேறினார். எலும்புக்கூடாக நின்ற எங்கள் வீட்டைப் பார்த்தார். எங்களைப் பார்த்தார். பிறகு அம்மாவிடம், "முடிச்சு?" என்றார்.

"ரெண்டு பக்கமும்" என்றாள் அம்மா.

மறுநாள் சர்க்காரிலிருந்து ஒருவர் வந்து சேதத்தைக் கணக்கெடுத்தார். எரிந்த மூன்று வீட்டுக்கும் புது மரமும் இலையும் கிடைக்கும் என்றார். எங்கள் வீட்டின் முன்னால் சிறிது நேரம் நின்று, "இது எரியலயே, நீங்களா பிரிச்சதுதானே" என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் சொன்னது உண்மைதான். அத்தை மட்டும் அவரைப் படகுத்துறை வரை திட்டிக்கொண்டே போய்விட்டு வந்தாள்.

நானும் என் கணக்கைப் போட்டேன். எரிந்தவை மூன்று: ஏழு, ஆறு, ஐந்து. தப்பியவை மூன்று: மூன்று, இரண்டு, ஒன்று. எங்கள் வீட்டை எதில் சேர்ப்பது என்று தெரியவில்லை. எரிந்த வீட்டாருக்கு இலை வரப்போகிறது. தப்பிய வீட்டாருக்குக் கூரை இருக்கிறது. எங்களுக்கு லாஞ்சிலிருந்து அப்பா கொண்டுவந்த ஒரு பழைய தார்ப்பாய் மட்டும்தான். முதல் வீட்டு வாசலில் தெலுங்குக்காரி உட்கார்ந்து குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள். அவளுக்குப் பின்னால் நான் எண்ணிய படகுகள் எல்லாம் தெரிந்தன. எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

அம்மா கருகிய சுவரோரம் குந்தி உட்கார்ந்து, இலைக்குள்ளிருந்து மீட்ட கயிற்றை அழுக்கு போக உருவி, கையில் வளையம் வளையமாகச் சுற்றிக்கொண்டிருந்தாள். அவள் உள்ளங்கை இரண்டும் தோலுரிந்திருந்தன.

"முதல் வீட்டுலயே இருந்துருந்தா நம்ம வீடு தப்பிச்சிருக்கும்மா. அது தப்பிச்சிருக்குல்லா?" என்றேன்.

அம்மா என்னை நிமிர்ந்து பார்த்தாள். தெலுங்குக்காரியின் வாசலை ஒருமுறை பார்த்தாள்.

"ஆமா மக்கா. அது தப்பிச்சிட்டு" என்றாள்.

என் கணக்கு சரி என்று அவளே ஒப்புக்கொண்டதில் எனக்கு ஒரு திருப்தி. முதல் வீடு அங்கே இன்னும் நிற்பதற்கு நான்காம் வீடுதான் காரணம் என்பதும், அந்த நான்காம் வீட்டுக்கு அவள் எங்களைக் கூட்டி வந்தது தெலுங்குக்காரியின் குடத்துக்காக மட்டும் அல்ல என்பதும் அதில் சேரவே இல்லை. கூட்டிக் கழித்துவிட்டு நான் படகு பார்க்கச் சரிவில் இறங்கினேன். அம்மா பின்னாலிருந்து கூப்பிட்டாள்.

"ஏல, போற வழியில அப்பாட்ட சொல்லு. புது இல வந்ததும் நம்ம கூரைக்கி மறுபடி கயிறுதான். பிரம்பு வாங்க வேண்டாம்."